‘ஸ்காட்ஸ் டாட்ஸ்’ எபிசோடை ஓட்டிவிடாமல் பார்த்தவர்கள் மட்டும் வரவும்

கோட்டையூரான்:

‘தி ஆபீஸ்’ நகைச்சுவைத் தொடரின் அமெரிக்கப் பதிப்பைப் பற்றி இங்கே எத்தனையோ இழை ஓடியிருக்கிறது. ‘ஸ்காட்ஸ் டாட்ஸ்’ பக்கம் மட்டும் யாரும் வருவதில்லை. பாதிப் பேர் அதைத் தாண்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறீர்கள் என்று தெரியும். அதைப் பார்க்கவே முடியாதவர்களுக்கென்று ரெடிட்டில் தனியாக ஒரு குழுவே நடக்கிறது. அப்படி நெளிய வைக்கும் எபிசோட்.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். ஆறாவது சீசன். 2009 டிசம்பர் 3 அன்று என்பிசியில் வந்தது. எழுதியது ஜீன் ஸ்டுப்னிட்ஸ்கி, லீ ஐசன்பர்க். இயக்கியது பி.ஜே. நோவாக், அதாவது இதே தொடரில் ரயனாக நடிக்கிற ஆள். பேப்பர் கம்பெனியின் ஸ்க்ரான்டன் கிளை மேனேஜர் மைக்கேல் ஸ்காட், பத்து வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நின்று, ‘பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடியுங்கள், காலேஜ் செலவு என் பொறுப்பு’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் ‘ஸ்காட்ஸ் டாட்ஸ்’, அதாவது ஸ்காட்டின் பிள்ளைகள் என்று பேர். இப்போது பள்ளியை முடிக்கப்போகிறார்கள். இவர் கையில் காசில்லை. நேரில் போய்ச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஆபீசில் வேலை பார்க்கும் பாம் விரட்டுகிறாள். ரிசப்ஷனிஸ்ட் எரினைக் கூட்டிக்கொண்டு போகிறார்.

அங்கே பிள்ளைகள் ஆடிப் பாடி வரவேற்கிறார்கள். எழுந்து எழுந்து நன்றி சொல்கிறார்கள். இவர் சிரிக்கிறார், நெளிகிறார், கண் கலங்குகிறார். பிறகு பேச எழுந்து சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்து, கடைசியில் பணமில்லை என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு லேப்டாப் பேட்டரி தருகிறார். லேப்டாப் இல்லை, பேட்டரி மட்டும். ‘லித்தியம்’ என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

இனி என் கருத்து. வாக்குக் கொடுத்ததை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். பணம் சேராமல் போனதையும் சொல்ல மாட்டேன். முப்பது வயசுக்குள் கோடீஸ்வரன் ஆகிவிடுவேன் என்று நினைத்தாராம், ஆகவில்லை. நாற்பதுக்குள் என்று தள்ளிப் போட்டாராம், அப்போது முப்பதில் இருந்ததைவிடக் குறைவாக இருந்ததாம். சரி, யாருக்கும் நடப்பதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஆறாவது படிக்கும்போது இதைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பார்கள், அப்புறம் வேறு வழி தேடியிருப்பார்கள். இடைப்பட்ட வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டு அந்தக் கைதட்டலை அனுபவித்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம். நம் பக்கம் மேடையில் ஒருவர் தொகை சொன்னால் பொருளாளர் அன்றைக்கு ராத்திரியே ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார். ஸ்க்ரான்டனில் அப்படி ஒரு பொருளாளர் இல்லை. எபிசோடே அதனால்தான்.

சும்மா_வந்தேன்:

நானும் ஓட்டிவிட்ட கோஷ்டிதான். இந்த இழைக்காக நேற்று உட்கார்ந்து பார்த்தேன். வரவேற்புப் பாட்டு முடிவதற்குள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சத்தம் மட்டும் கேட்டேன். அது இன்னும் மோசம்.

வளவு:

அந்தப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் அரை நிமிஷத்தில் வெட்டிவிட்டு மைக்கேல் முகத்துக்குப் போயிருப்பார்கள். இதில் வெட்டாமல் விடுகிறார்கள். ‘மிஸ்டர் ஸ்காட், எங்கள் கனவை நிறைவேற்றப்போகிறீர்களே’ என்கிற மாதிரி வரி திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று நமக்கே கணக்குப் போடத் தோன்றுகிறது. இந்தத் தொடரில் பின்னணிச் சிரிப்பும் கிடையாது. இருந்திருந்தால் எங்கே சிரிப்பது என்றாவது தெரிந்திருக்கும்.

நான் படித்த பள்ளியில் சிறப்பு விருந்தினர் வந்தால் இதே கதைதான். வெயிலில் நிற்க வைப்பார்கள். விருந்தினர் காரை விட்டு இறங்கும்போது ஹார்மோனியம் தொடங்க வேண்டும். அவர் வாசலிலேயே யாருடனாவது பேச நின்றுவிட்டால் பாட்டு முடிந்துவிடும், திரும்ப முதலிலிருந்து பாட வேண்டும். இவ்வளவும் எதற்கு என்றால், நாலு பெஞ்சுக்கு.

கானாடுகாத்தான்_பாசஞ்சர்:

கோட்டையூர் அண்ணே, நம் ஊரில் எல்லாரும் மேடையில் சொன்னதை மறுநாளே கொண்டுவந்து கொடுத்த மாதிரி எழுதுகிறீர்கள். ரசீதுப் புத்தகம் கோயில் திருப்பணிக்குத்தான் ராத்திரியே வரும். பள்ளிக்கூடத்துக்கு வராது.

எங்கள் பள்ளியில் (பேர் வேண்டாம்) பழைய மாணவர் கூட்டத்துக்கு ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தார். கம்ப்யூட்டர் அறை முழுக்க என் செலவு என்றார். பொன்னாடை, மாலை எல்லாம் ஆச்சு. தெர்மாகோல் அட்டையில் ஃபிளெக்ஸ் ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு செக் செய்து, அதை எச்எம்மும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அப்புறம் அவரும் வரவில்லை, பணமும் வரவில்லை. அந்த அட்டை ஸ்டாஃப் ரூம் பீரோவுக்குப் பின்னால் சொருகிக் கிடந்தது. அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு அதன் பின்பக்கத்தில் இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்தோம். சுத்த ரத்தம் சிவப்பு, அசுத்த ரத்தம் நீலம். திருப்பிப் பார்த்தால் அவர் கையெழுத்து.

அதனால் எனக்கு மைக்கேல் பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது. அவராவது நேரில் போய் நின்றார்.

கோட்டையூரான்:

அவராகவா போனார்? பாம் தள்ளிவிட்டாள். அதுவும் அந்த வாக்கைப் பற்றிய பழைய பத்திரிகைத் துணுக்கு வெளியே வந்து, ஆபீசில் இருக்கும் ஸ்டான்லி ‘பத்து வருஷம் ஆகிவிட்டதா’ என்று மூச்சு முட்டச் சிரித்த பிறகு. முழுத் தொடரிலும் ஸ்டான்லி அப்படிச் சிரித்தது அரிது. அந்தச் சிரிப்பில்தான் ஆபீசில் எல்லாருக்கும் மைக்கேலின் யோக்கியதை ஏற்கெனவே தெரியும் என்பது நமக்குப் புரிகிறது. வசனமே இல்லாமல்.

இதயம் படம் நன்றாக வந்ததா?

கானாடுகாத்தான்_பாசஞ்சர்:

இரண்டாம் பரிசு.

பெட்டியடி:

வயசானவன் ஒருவன் நடுவில் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரை எனக்குப் பேரன் போட்டுக் காட்டினான்.

மேடையில் சொல்லி, சொன்னபடி செய்த ஆளை நம் ஊரில் வைத்துக்கொண்டு யாரும் பேரைச் சொல்லவில்லையே? 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நினைவுக் கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், தனியார் முன்வந்து கலைக் கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்று பேசுகிறார். சில நிமிஷத்தில் கூட்டத்திலிருந்து அழகப்பச் செட்டியார் முன்வந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்று சொல்லி ஒரு லட்சம் ரூபாய் அறிவிக்கிறார். அந்த வருஷமே காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. கட்டடம் கட்டும்வரை காத்திருக்கவில்லை.

மைக்கேல் ஸ்காட் செய்ததும் அதேதான், பாருங்கள். கூட்டம், உணர்ச்சி, எழுந்து நின்று ஒரு வாக்கு. முன்யோசனை இரண்டு பேருக்கும் எவ்வளவு இருந்தது என்று யார் சொல்ல முடியும்? மறுநாள் காலையில் என்ன செய்தார்கள் என்பதில்தான் ஆள் பிரிகிறான். அழகப்பர் அத்தோடு நிற்கவில்லை. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயம் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பெண்கள் கல்லூரிக்குத் தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். 1957-ல் காலமானபோது வயசு ஐம்பதுகூட நிறையவில்லை.

சும்மா_வந்தேன்:

ஐயா, அவர் மில் முதலாளி. மைக்கேல் சம்பளக்காரன். ஒரே தராசில் போட்டால் எப்படி?

பெட்டியடி:

தம்பி கேட்பது நியாயம். அதனால்தான் சம்பளக்காரன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பர்மா, மலாயா என்று கடை வைத்திருந்த காலத்தில் எங்கள் வீட்டுக் கணக்கில் மகமை என்று ஒன்று உண்டு. வரவில் ஒரு பங்கு தர்மத்துக்கென்று தனியே பற்று எழுதிவிடுவார்கள். லாபம் பார்த்து, வீட்டுச் செலவு பார்த்து, மிச்சம் இருந்தால் கொடுப்பது என்கிற பேச்சே கிடையாது. முதலாளி தாராள மனசுக்காரரா கஞ்சரா என்பது வேறு, பேரேட்டில் அந்தப் பக்கம் இருக்கும். மைக்கேலிடம் மனசு இருந்தது. பேரேட்டில் அந்தப் பக்கம் இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்திருந்தால்கூடப் பத்து வருஷத்தில் அசல் மட்டும் 1,20,000. ஃபீஸ் கட்ட முடியாவிட்டாலும் பேட்டரி வாங்கிக்கொண்டு போகிற நிலைமை வந்திருக்காது.

இன்னொன்று. மைக்கேல் ஆபீசில் டுவைட் என்று ஒரு விற்பனையாளன் இருக்கிறானே, அவனைப் போன்றவர்கள் இல்லாத கடை கிடையாது. முதலாளி ஊரில் இருப்பார், கடையை ஏஜெண்டு நடத்துவார், பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். அடுத்தாளுக்கு எப்போதும் ஒரு கண் மேலே. ஊருக்குக் கடிதம் எழுதுகிறவன் யார் என்பதுதான் அந்தக் கடைகளின் அரசியல். டுவைட் போனில் குரல் மாற்றிப் பேசுவதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வளவு:

அந்தக் கிளைக்கதையை யாரும் பேசவில்லை, நானே சொல்கிறேன். அப்போது ஜிம்மும் மேனேஜர், மைக்கேலுக்குச் சமமாக. ஜிம்மை மாட்டிவிடுவதற்காக, மாதத்தின் சிறந்த ஊழியர் என்று ஒரு பரிசு வைக்கலாம் என டுவைட் ஆலோசனை சொல்கிறான். ஜிம் நல்ல பிள்ளையாகச் சரி என்கிறான். கணக்குப் பார்த்தால் ஜெயித்தவன் ஜிம். அடுத்த இடம் அவன் மனைவி பாம். ஆபீசே கொதிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஜிம் முகம் போட்ட கேக் வந்து இறங்குகிறது. மேலிடத்துக்கு டுவைட்டே மற்றவர்கள் குரலில் போன் போட்டுப் புகார் சொல்கிறான்.

எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடக் காட்சியில் கழுத்தை நெரித்துவிட்டு, மூச்சு விட நம்மை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். ஆனால் கேக் வரும் நேரம் மட்டும் பிரமாதம். அதில் எழுதியிருப்பது ‘உன்னைத் தவிர வேறு யார்’ என்கிற மாதிரி ஒரு வாசகம்.

சும்மா_வந்தேன்:

எங்கள் ஆபீசில் அந்தப் பரிசைச் சுழற்சி முறையில் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு முறை வந்துவிடும். என் முறை மார்ச்.

ஆறாம்வகுப்பு_டீச்சர்:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எரினைப் பற்றி ஒருத்தர்கூடப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது காரில் அவள் சொல்வதைக் கவனித்தீர்களா? தலைமையாசிரியர் அவளிடம் சொன்னாராம்: ஸ்காட்டின் பிள்ளைகளில் 90 சதவீதம் பேர் பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறார்கள், அந்தப் பள்ளியின் மற்ற மாணவர்களைவிட இது 35 சதவீதம் அதிகம். நீங்கள் வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் பாதியில் நின்றிருப்பார்கள் என்கிறாள்.

இங்கே எல்லாரும் மைக்கேலைத் திட்டுகிறீர்கள், திட்ட வேண்டியதுதான். ஆனால் வகுப்பறையில் நிற்கிறவளுக்கு அந்த 90 சாதாரண விஷயமில்லை. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் நழுவுகிற பிள்ளையை எதைச் சொல்லி நிறுத்துவது என்பதுதான் எங்கள் தினசரி வேலை. ‘படித்தால் நல்லா இருப்பாய்’ என்று சொன்னால் யாரும் நிற்பதில்லை. ‘இன்னார் உனக்கு ஃபீஸ் கட்டுகிறார்’ என்றால் நிற்கிறார்கள். வீட்டில் அப்பாவிடம் சொல்ல அவர்களுக்கு ஒரு பதில் கிடைக்கிறது. கோட்டையூரான் சொல்கிற மாதிரி ஆறாவதிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த 90 என்னவாகியிருக்கும்?

கோட்டையூரான்:

டீச்சர், அப்படியென்றால் பொய் சொல்லியே எல்லாரையும் பாஸ் பண்ண வைத்துவிடலாமே. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மைக்கேல் ஸ்காட்டை ஏற்பாடு செய்தால் போதும்.

நான் எரின் பேச்சை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். அவள் புதுசு, நல்ல மனசு, மேனேஜரைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறாள். அந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் அது யாருடைய சாதனை? படித்தவர்கள் பிள்ளைகள். இவர் அதைக் கேட்டதும் முகம் மலர்கிறார் பாருங்கள், அந்தப் பாராட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். எனக்கு அங்கே இன்னும் ஆத்திரம்தான் வந்தது. நம்மை அவர்மேல் இரக்கப்பட வைக்க எழுத்தாளர்கள் போட்ட வரி அது.

ஆறாம்வகுப்பு_டீச்சர்:

பொய் சொல்லச் சொல்லவில்லை. சொன்னதில் பாதியையாவது செய்திருக்கலாம் என்கிறேன். பெரியவர் மாதம் ஆயிரம் என்று கணக்குப் போட்டார் இல்லையா, அதே தொகையில் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022-ல் ஆரம்பித்தார்கள். ஆயிரம் ரூபாயில் யாருடைய காலேஜ் செலவும் முழுதாக அடங்காது. ஆனால் பஸ், போன், நோட்டு என்று அதை நம்பிக் கணக்குப் போடுகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். சின்னத் தொகையாக இருந்தாலும் வரும் என்று தெரிந்தால் திட்டம் போட முடிகிறது. பெரிய தொகை வருமா வராதா என்று தெரியாவிட்டால் பாட்டுதான் போட முடியும்.

கானாடுகாத்தான்_பாசஞ்சர்:

கடைசி வரிக்கு இரண்டு கையையும் தட்டினேன் டீச்சர்.

வளவு:

இதே மாதிரி நிஜமாகவே நடந்திருக்கிறது. யூஜின் லாங் என்று நியூயார்க் தொழிலதிபர். 1981-ல், கிழக்கு ஹார்லெமில் தான் சின்ன வயசில் படித்த பள்ளிக்கே ஆறாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை வாழ்த்திப் பேசப் போகிறார். பேசத் தயார் செய்துகொண்டு போனதை விட்டுவிட்டு, பள்ளிப் படிப்பை முடிக்கிறவர்களுக்குக் காலேஜ் செலவு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். எதிரே 61 பிள்ளைகள்.

முக்கியமான விஷயம், அவர் பணத்தை மட்டும் எடுத்து வைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஒருவரைச் சம்பளத்துக்குப் போட்டார். தானும் அவர்களோடு தொடர்பில் இருந்தார். பிறகு அதையே ஓர் அறக்கட்டளையாக்கினார், மற்ற ஊர்களிலும் அதே மாதிரி தொடங்கினார்கள். ஆக டீச்சர் கேட்டதற்கும் கோட்டையூரான் கேட்டதற்கும் நடுவில் ஒரு வழி இருந்திருக்கிறது. வருஷத்துக்கு நாலு தடவை போய்ப் பிள்ளைகளைப் பார்த்திருந்தால் மைக்கேலுக்கு ஒன்று பணம் சேர்க்கத் தோன்றியிருக்கும், இல்லை வாயைத் திறக்கவாவது தோன்றியிருக்கும்.

கோட்டையூரான்:

இதை ஒப்புக்கொள்கிறேன் ஆச்சி. நான் கேட்ட பொருளாளர் அந்தச் சம்பள ஆள்தான்.

சும்மா_வந்தேன்:

ஒரு சந்தேகம். ஆளுக்கு ஒரு பேட்டரி கொடுத்தாரே, எந்த லேப்டாப்புக்கு? ஒவ்வொரு மாடலுக்கும் பேட்டரி வேறு வேறாச்சே. அப்போதெல்லாம் ஒரே கம்பெனியிலேயே இரண்டு மாடலுக்கு ஒத்துவராது.

கானாடுகாத்தான்_பாசஞ்சர்:

செக்காலை ரோட்டில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஒத்துவராது. ஒத்துவந்தாலும் லேப்டாப் வாங்கும்வரை அலமாரியில் சும்மா வைத்திருந்தால் அதுவாகவே சார்ஜ் இறங்கிப் போகும். ஒரேயடியாக இறங்கிவிட்டால் பிறகு ஏற்றுவதே கஷ்டம். லித்தியம் பேட்டரியைச் சும்மா வைப்பதென்றால் பாதி சார்ஜில், சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும், அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். ஆக அந்தப் பரிசும் வீண்.

பெட்டியடி:

தம்பி லித்தியம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. அழகப்பர் நிலம் கொடுத்தார் என்றேனே, அந்த ஆய்வகத்தில் இன்றைக்கு லித்தியம் பேட்டரியைத்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார்கள். பேரனிடம் சொன்னேன், நம்பவில்லை. சைக்கிளில் போய் போர்டைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.

கானாடுகாத்தான்_பாசஞ்சர்:

ஐயா, கேட்டுக்குள் விட மாட்டார்கள். அங்கே எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், பொதுமக்களை உள்ளே விடும் நாள் வந்தால் சொல்கிறேன். பேரனையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஆறாம்வகுப்பு_டீச்சர்:

தேதி தெரிந்தால் இங்கேயே போடுங்கள். என் வகுப்பையும் கூட்டி வருகிறேன். வரவேற்புப் பாட்டு எதுவும் பாட மாட்டோம்.